கடன் என்று எழுதிய கூலி



நம் சங்கத்து வியாபாரிகள் கூடும் இடங்களில் அடிக்கடி ஒரு கேள்வி எழுகிறது. “வரியைக் குறைக்கச் சட்டத்திலேயே வழியிருக்கிறது என்று ஒரு முகவர் சொல்கிறார், அதை நம்பலாமா?” என்பதே அது. இதற்கு வெறும் உபதேசமாகப் பதில் சொல்வதைவிட, பிரிட்டனில் ஐம்பதினாயிரம் பேர் வரை சிக்கிக்கொண்ட ஒரு விவகாரத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டு ஆராய்வது பயன் தரும் என்று கருதுகிறோம். அது நம் நாட்டு விவகாரமல்ல. ஆயினும் கடன், கூலி, நிய்யத் ஆகிய மூன்றும் அதில் பின்னிக் கிடப்பதால், பேரேடு எழுதும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய விவகாரம் அது.

பிரிட்டனில் கம்ப்யூட்டர் நிபுணர்கள், தாதியர், சமூக ஊழியர் போன்ற பலர் ஒரே முதலாளியிடம் நிரந்தர வேலை பார்க்காமல், ஒப்பந்த அடிப்படையில் இடம் மாறி மாறி வேலை செய்பவர்கள். இவர்களிற் பலர் சொந்தமாக ஒரு சிறு கம்பெனியைப் பதிந்து அதன் பேரில் கூலி வாங்கி வந்தனர். பெயரளவில் கம்பெனி, உண்மையில் சம்பளக்காரர் என்ற நிலையை ஒடுக்க, ‘ஐ.ஆர். 35’ எனப்படும் விதியைச் சர்க்கார் 1999-இல் அறிவித்து 2000 ஏப்ரலில் அமுலுக்குக் கொண்டுவந்தது. அந்த விதிக்கு அஞ்சியவர்களை நாடித் திட்ட முகவர்கள் வந்தார்கள்.

அவர்கள் கூறிய ஏற்பாடு இதுதான். ஒப்பந்தக்காரர் வெளித்தீவு ஒன்றில் பதிவான கம்பெனியில் ஊழியராகச் சேர வேண்டும். அவர் உழைத்த பணம் அக்கம்பெனிக்குப் போகும். அதில் ஒரு சிறு பகுதியைச் சம்பளமாகத் தருவார்கள். அதற்கு வரி உண்டு. மீதியில் முகவர் கூலி போக, எஞ்சியது ஒரு டிரஸ்ட் வழியாக அவருக்கே ‘கடனாக’ வரும். கடன் வருமானமல்லவே, ஆகவே வரியில்லை! “திருப்பிக் கட்ட வேண்டுமா?” என்று கேட்டவர்களுக்கு, “யாரும் கேட்கமாட்டார்கள்” என்று மெல்லச் சொல்லப்பட்டது. பெரிய பாரிஸ்டர்களின் அபிப்பிராயமும் காகிதத்தில் காட்டப்பட்டது.

விளங்குவதற்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் மாதம் 5,000 பவுன் உழைத்தார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 1,000; கடன் 3,200; முகவருக்கு 800. 2011 ஏப்ரல் முதல் ஐந்து ஆண்டுகளில் அவர் வாங்கிய ‘கடன்’ 192,000 பவுன். முகவர் பெற்றது 48,000 பவுன். அந்தக் கடன் தொகையைச் சம்பளமாகவே வாங்கி ஆண்டுதோறும் வருமான வரி செலுத்தியிருந்தால், ஐந்தாண்டிலும் சேர்த்து அதற்குக் கூடுதலாக ஏறக்குறைய 46,000 பவுன் ஆகியிருக்கும். தேசிய இன்சூரன்ஸ் தனி. அதாவது சர்க்காருக்குப் போக வேண்டிய வருமான வரிக்கு நிகரான தொகை முகவர் மடியில் விழுந்தது. லாபம் யாருக்கு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

சர்க்கார் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததா? 2010 டிசம்பர் 9-ஆம் தேதி இத்தகைய ஏற்பாடுகளை வருமானமாகக் கருதும் புதிய விதியை அறிவித்தது. அது 2011-இல் சட்டமாயிற்று. முகவர்களோ திட்டத்தை அங்குமிங்கும் மாற்றித் தொடர்ந்து விற்றார்கள். 2016 மார்ச் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு கடும் அறிவிப்பு வந்தது. 1999 ஏப்ரல் 6 முதல் இப்படிக் கொடுக்கப்பட்ட கடன்களில் எவையெல்லாம் 2019 ஏப்ரல் 5 அன்று தீராமல் நிற்குமோ, அவையனைத்தும் அந்த ஓராண்டின் வருமானமாகவே கருதப்பட்டு வரி விதிக்கப்படும் என்பதே அது. 2017-இல் அது சட்டமாயிற்று.

நாம் மேலே கண்ட மனிதரின் கதி என்ன? ஐந்தாண்டுக் கடன் 192,000 பவுனும் ஒரே ஆண்டில் அவர் தலையில் வந்து விழும். சிறிது சிறிதாக வந்திருந்தால் குறைந்த விகிதத்தில் அடங்கியிருக்கும் பணம், ஒன்றாகச் சேர்ந்ததால் 40, 45 சதவீதப் படிக்கு ஏறிவிடும். 46,000 பவுன் ஆகியிருக்க வேண்டிய வரி 77,000 பவுனாகிவிடும். கடனாக வாங்கிய பணமோ வீட்டு வாடகைக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் என்றோ செலவாகிவிட்டது. முகவரின் கம்பெனியோ பல இடங்களில் கலைந்து மறைந்துவிட்டது.

இங்கே நீதியைப் பற்றிய கேள்வி எழுகிறது. இரு பக்கமும் கேட்பதே முறை.

சர்க்கார் சொல்லிற்று: “நாங்கள் கடந்த காலத்திற்கு வரி போடவில்லை. இன்றைய தேதியில் தீராமல் நிற்கும் கடனுக்கே போடுகிறோம். மேலும் இது என்றுமே கடனல்ல, கூலிதான்.” இந்த இரண்டாவது வாதத்தை நீதிமன்றமும் ஒப்பியது. ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கால்பந்துக் கழகம் தன் ஆட்டக்காரர்களுக்கு டிரஸ்ட் வழியாகப் பணம் கொடுத்த வழக்கில், அப்பணம் சம்பளமே என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் தீர்ப்பளித்தது.

பாதிக்கப்பட்டோர் சொன்னார்கள்: “அந்தத் தீர்ப்பின்படியே பார்த்தால், கொடுக்கும்போதே வரியைப் பிடித்திருக்க வேண்டியவர் வேலை கொடுத்தவர். அவரை விட்டுவிட்டு எங்களைப் பிடிப்பதேன்? எங்களிற் பலர் ஆண்டுக் கணக்கில் இத்திட்டத்தை ஒளிக்காமல் எழுதினோம். விசாரிக்க வேண்டிய கால எல்லைக்குள் இலாகா விசாரிக்கவில்லை. மூடிய கணக்கை இருபது ஆண்டு கழித்துத் திறப்பது நியாயமா? திட்டத்தை விற்றுக் கொழுத்தவர்கள் எங்கே?”

இந்த இரண்டையும் நாம் மார்க்கத்தின் அளவுகோலால் நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது, கடன் என்றால் என்ன? திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம். அது தொழுகையைப் பற்றியதன்று. கடனைத் தவணையுடன் எழுதிச் சாட்சி வைப்பதைப் பற்றியது. திருப்பித் தரும் நோக்கம் வாங்கியவருக்கும் இல்லை, திரும்பப் பெறும் நோக்கம் கொடுத்தவருக்கும் இல்லை என்றால், ஏட்டில் என்ன பெயர் எழுதினாலும் அது கடனாகாது. செயலை நிய்யத்தைக் கொண்டே எடைபோட வேண்டும் என்பது நாம் மத்ரஸாவில் முதற் பாடமாகப் படித்தது.

இத்தகைய தந்திரத்தை நம் பெரியோர் ‘ஹீலா’ என்றனர். ஸஹீஹுல் புகாரியில் இதற்கென்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. ஜகாத் ஆண்டு நிறைவதற்கு ஒரு நாள் முன்பு பணத்தை மனைவிக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு, மறுநாள் திரும்ப வாங்கிக்கொள்ளும் வியாபாரியைப் பற்றி இமாம்கள் விவாதித்தார்கள். அவர் மீது ஜகாத் கடமை நீங்காது என்றனர் சிலர். வெளிச் சட்டப்படி நீங்கினாலும் அந்தச் செயல் வெறுக்கத்தக்கது என்றனர் வேறு சிலர். அதைப் பாராட்டத்தக்க கெட்டிக்காரத்தனம் என்று இருசாராரும் கருதவில்லை.

இரண்டாவது, சென்றுபோன காலத்தைத் தோண்டலாமா? வட்டி ஹராமாக்கப்பட்டபோது, தடைக்கு முன் ஒருவர் வாங்கி முடித்த வட்டியைத் திருப்பிக் கேட்கவில்லை. இனி வர வேண்டிய பாக்கியை மட்டும் விட்டுவிடக் கட்டளை வந்தது. முடிந்தது முடிந்ததாகவும் நிற்பது நிற்பதாகவும் பிரிக்கப்பட்டது. ஆட்சியாளர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. தெளிவான எச்சரிக்கை வருமுன் நடந்ததையும், வந்தபின் பிடிவாதமாக நடந்ததையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது.

வியப்பு என்னவெனில், பிரிட்டனும் காலந்தாழ்த்தி இந்த வழிக்கே வந்தது. தேசியத் தணிக்கை அலுவலகத்தின் முன்னாள் தலைவர் சர் அமியாஸ் மோர்ஸ் 2019 டிசம்பரில் தந்த ஆய்வுரையின்படி, 2010 டிசம்பர் 9-க்கு முந்திய கடன்கள் விடுவிக்கப்பட்டன. அதன்பின் 2016 ஏப்ரல் வரை வாங்கியவற்றில், முழுமையாகத் தெரிவிக்கப்பட்டும் இலாகா நடவடிக்கை எடுக்காதவை விடுவிக்கப்பட்டன. பாக்கியை மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துக் காட்டவும் அனுமதி கிடைத்தது. 2025 ஜனவரியில் ரே மக்கான் தலைமையில் இன்னோர் ஆய்வு தொடங்கி, அவ்வாண்டு நவம்பரில் வெளியாயிற்று. தீராதவர்களுக்குச் சுமையைக் குறைக்கும் புதிய ஏற்பாடும் அறிவிக்கப்பட்டது.

ஆனால் அதற்குள் பல குடும்பங்கள் நொறுங்கிவிட்டன. இவ்விவகாரத்தோடு தொடர்புடைய பத்துத் தற்கொலைகளை வரி இலாகாவே பதிவு செய்திருக்கிறது. வரியைத் தவிர்த்தவன் தவறு செய்தான் என்று சொல்லிவிட்டு இதை நாம் எளிதில் கடந்துபோக முடியாது. தவறுக்கும் தண்டனைக்கும் அளவுப் பொருத்தம் இருக்க வேண்டும். கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கப் பணித்தது நம் மார்க்கம்.

இனி நம் கடைவீதிக்கு வருவோம். “நாம் தீவுக் கம்பெனி எதிலும் சேரவில்லையே” என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆனால் ஒற்றை ஆள் கடையை சென்டிரியான் பெர்ஹாட் ஆக்கியபின், கல்லாவிலிருந்து எடுக்கும் பணத்தை ‘டைரக்டர் கடன்’ என்று எழுதிவிட்டு ஆண்டுக் கணக்கில் தொடாமல் விடும் வழக்கம் நம்மிடையே இல்லையா? மலேசியாவில் 2014 மதிப்பீட்டு ஆண்டு முதல், கம்பெனி தன் சொந்தப் பணத்திலிருந்து டைரக்டருக்கு வட்டியின்றிக் கடன் கொடுத்தால், வட்டி வாங்கியதாகவே பாவித்துக் கம்பெனிக்கு வரி உண்டு. உண்மையான காரணமின்றி வரியைத் தவிர்க்கவே செய்யப்பட்ட ஏற்பாட்டைத் தள்ளிவிட்டு வரி கணக்கிடும் அதிகாரம் மலேசியாவில் 140-ஆவது பிரிவிலும், சிங்கப்பூரில் 33-ஆவது பிரிவிலும் உள்ளது. சிங்கப்பூரில் 2023 மதிப்பீட்டு ஆண்டு முதல் அப்படிக் கூடும் வரிக்கு மேல் 50 சதவீதக் கூடுதல் கட்டணமும் உண்டு. பழைய கணக்கைத் திறக்கக் கால எல்லை இருந்தாலும், மோசடிக்கு இரு நாட்டிலும் அந்த எல்லை கிடையாது.

ஆகவே நம் வியாபாரச் சகோதரர்கள் நான்கு காரியங்களைக் கைக்கொள்ள வேண்டுகிறோம்.

1. எடுத்த பணம் சம்பளமா, லாபப் பங்கா, கடனா என்பதை எடுத்த அன்றே பேரேட்டில் உண்மைப் பெயரால் எழுதுக. கடன் எனில் தவணையும் கையெழுத்தும் வேண்டும். தவணைப்படி திருப்பவும் வேண்டும்.

2. வரி மிச்சத்தில் பங்கு கேட்கும் முகவரிடம், “நாளை இலாகா ஒப்பாவிட்டால் யார் கட்டுவது?” என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே பதில்.

3. கணக்குப் புத்தகங்களையும் ரசீதுகளையும் மலேசியாவில் ஏழு ஆண்டுகள், சிங்கப்பூரில் ஐந்து ஆண்டுகள் பாதுகாத்து வையுங்கள்.

4. பழைய ஆண்டில் தவறு நேர்ந்திருந்தால், இலாகா கடிதம் வருமுன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். இரு நாட்டிலும் தாமாகத் தெரிவிப்போருக்கு அபராதம் குறைவு. கடிதம் வந்துவிட்டாலோ, வெட்கப்பட்டு வீட்டில் மறைத்துத் தனியே வருந்தாதீர்கள். குடும்பத்திடமும், நம்பிக்கையான கணக்காளரிடமும், சங்கத்துப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். பணக் கஷ்டம் பேசித் தீரும்; போன உயிர் திரும்பாது.

சட்டத்தின் ஓட்டையை இன்று ஒருவன் காட்டுவான். நாளை இன்னொருவன் அடைப்பான். ஏட்டில் எழுதிய பெயரும் நெஞ்சில் வைத்த நிய்யத்தும் ஒன்றாக இருப்பவனுக்கு இரண்டாலும் கவலையில்லை. நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், நம் கணக்கில் நேர்மையையும், நெருக்கடியில் இருப்போர்க்கு விடிவையும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.