தெரிந்த விடைக்கும் மதிப்பெண் குறைகிறதா?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதுபவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. வினாத்தாளைப் படிக்கத் தரும் 10 நிமிடத்திலேயே எந்தெந்த வினாக்களை எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். ‘எவையேனும் ஏழு’ என்ற பகுதியில் ஒரு கட்டாய வினாவும் இருக்கலாம். அதை விட்டுவிட்டு வேறு ஏழு எழுதினால் ஒரு விடை வீண்.

2. வினா எப்படி முடிகிறது என்று பாருங்கள். ‘வரையறு’ என்றால் இரண்டு வரி போதும். ‘வேறுபடுத்துக’ என்றால் நடுவே கோடு போட்டு, ஒரே அம்சத்தை எதிரெதிரே எழுதுங்கள்: தமனியின் சுவர் தடிப்பானது என்று இடப்பக்கம் எழுதினால், அதே வரியில் சிரையின் சுவர் மெல்லியது என்று வலப்பக்கம் வரவேண்டும். ‘காரணம் கூறு’ என்றால் காரணத்தை மட்டும் எழுதுங்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட மதிப்பெண்ணை இழப்பது இங்கேதான். கேட்டதை விட்டு, தெரிந்ததையெல்லாம் எழுதிவிடுகிறார்கள்.

3. 3 மணி நேரம், 100 மதிப்பெண் கொண்ட தாளில், மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம் என்று கணக்கு வைத்தால், சரிபார்க்க அரை மணி மிஞ்சும். 5 மதிப்பெண் வினாவுக்கு 8 நிமிடத்தைத் தாண்டாதீர்கள்.

4. ஒரு மதிப்பெண் வினாவுக்குக் குறியீட்டோடு விடையையும் எழுதுங்கள். வினாத்தாளே அப்படித்தான் கேட்கிறது.

5. கணக்கில் சூத்திரம், பிரதியிடல், விடை மூன்றையும் தனித்தனி வரியில் எழுதி, அலகையும் சேருங்கள். இறுதி விடை தவறினாலும் சரியான படிகளுக்கு மதிப்பெண் கிடைக்கும்.

6. படத்தைப் பென்சிலால் வரைந்து பாகங்களைக் குறியுங்கள். குறிக்காவிட்டால் முழு மதிப்பெண் வராது.