நீரிழிவும் சயரோகமும்: நம்மவர் அறிய வேண்டியவை



கோல சிலாங்கூரிலும், அதற்கு வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் வரையிலும் நம்மவர் கடைகள் இருக்கின்றன. தோட்டத்து ஜனங்கள் அரிசி, பருப்பு வாங்கும்போது கூடவே கேட்பது ஒரு போத்தல் இருமல் மருந்து. அந்தப் போத்தலைப் பற்றித்தான் இம்மாதப் பாடம்.

எங்கள் கடையிலேயே நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் பத்து வருஷமாக நீரிழிவுக்காரர். வாரம் ஒரு போத்தலாக ஏழு போத்தல் இருமல் மருந்து வாங்கினார். நாங்களும் பற்றில் எழுதிக்கொண்டே வந்தோம். ஆள் மெலிந்துகொண்டு போனார். “சர்க்கரை உடம்பை உருக்குது முதலாளி” என்றார். “ஆமாம், வாயைக் கட்டுங்கள்” என்றோம். எட்டாவது வாரம் சளியில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் சோதித்து, சயரோகம் என்றார்கள். அதே வீட்டில் படுத்துறங்கிய பேரப்பிள்ளைக்கும் மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. பற்றுப் புத்தகத்தில் ஏழு வரி எங்கள் கையாலேயே எழுதியிருந்தும், அதை நாங்கள் படிக்கவில்லை.

இவ்விரண்டு வியாதிக்கும் என்ன சம்பந்தம்?

சயரோகம் ஒரு கிருமியால் வருவது. ஜெர்மானிய டாக்டர் ராபர்ட் கோக் 1882ம் ஆண்டில் அதைக் கண்டறிந்து அறிவித்தார். நோயாளி இருமும்போது கிருமி காற்றில் கலந்து, மூடிய அறையில் நெருங்கி வாழ்பவரின் நெஞ்சில் புகுகிறது. உலக ஜனங்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் உடம்பில் இக்கிருமி உறங்குவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே ஆயுளில் என்றாவது அது நோயாக எழும்பும். மற்றவர்களிடம் தேகத்தின் காவல் அதை அடக்கி வைத்திருக்கிறது.

நீரிழிவு அந்தக் காவலையே தளர்த்திவிடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால், கிருமியை விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்கள் சோர்ந்துபோகின்றன. ஆகவே நீரிழிவுள்ளவருக்குச் சயரோகம் வரும் அபாயம் மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். மறுபுறம், சயரோகம் பிடித்தால் சர்க்கரை மேலும் ஏறுகிறது. ஒரு கடன் மற்றொரு கடனுக்கு வட்டி ஏற்றுவது போல.

தமிழ்நாட்டில் சயரோக நோயாளிகளைச் சோதித்து 2012ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நாலில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இன்னொரு கால் பங்கினர் அதன் வாசலில் நின்றார்கள். மலேசியாவில் 2019ம் ஆண்டுச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது! இந்திய வம்சத்தாரிடம் இது மற்றவரைவிட அதிகம். நாளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து, மணிக்கொரு தே தாரிக் குடிக்கும் நாம் இதை யோசிக்க வேண்டும்.

பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா, அதன் அருகேயுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ல் இந்நாட்டின் முதல் வியாபாரச் செம்பனை நடப்பட்டது. அன்று தோட்டத்தில் லயத்து வாழ்க்கை. இன்று லயங்கள் குறைந்தாலும் நெருக்கடி ஒழியவில்லை. நம் கடைகளின் மாடியிலேயே ஜன்னல் அடைத்த ஓர் அறையில் ஐந்தாறு வேலையாட்கள் படுக்கவில்லையா?

மெலிவும் களைப்பும் இரண்டு வியாதிக்கும் பொது. எங்கள் பெரியவர் ஏமாந்தது இதில்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு, சளியில் ரத்தம் – இவற்றில் எது இருந்தாலும் சளியும் எக்ஸ்ரேயும் பார்க்க வேண்டும். நீரிழிவுக்காரர் ஒருநாளும் தாமதிக்கலாகாது. சயரோகம் கண்டவருக்குச் சர்க்கரைச் சோதனையும் அவசியம். இருபுறமும் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011லேயே வழிகாட்டியிருக்கிறது.

மருந்து விஷயத்தில் கவனிக்க வேண்டியவை:

1. சிகிச்சை சாதாரணமாக ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். பின் நான்கு மாதம் இரண்டு. உடம்பு தேறியதும் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும்.

2. ரிஃபாம்பிசின் என்னும் மருந்து சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். பயம் வேண்டாம். ஆனால் அது கிளிகிளசைட் போன்ற சர்க்கரை மாத்திரைகளின் பலனைக் குறைக்கும். ஆகவே என்னென்ன சாப்பிடுகிறோம் என்பதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சிலருக்கு இன்சுலின் தேவைப்படும்.

3. ஐசோனியாசிட் மருந்தால் கை கால் மரத்துப்போகலாம். நீரிழிவுக்காரருக்கு அது கூடுதல். அதற்காகவே வைட்டமின் பி6 கொடுக்கிறார்கள்.

4. நோன்பு மாதத்தில் மருந்தின் வேளையைத் தாமாக மாற்றலாகாது. முன்கூட்டியே டாக்டரைக் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

சயரோகம் என்றால் குடும்பத்துக்கு இழுக்கு, கடைக்கு ஆள் வராது என்று மறைப்போர் நம்மிலும் உண்டு. சென்னையில் 1956ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருந்ததைப் போலவே குணமாகும் என்று உலகுக்குக் காட்டியது. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் அபாயம் பெரிதும் குறைந்துவிடும். மறைத்தால்தான் ஆபத்து.

எங்கள் பெரியவர் ஆறு மாதமும் முடித்துக் குணமடைந்தார். பேரப்பிள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். அன்று முதல் எங்கள் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மூன்றாவது போத்தல் கேட்டு வருபவருக்கு விற்பதில்லை. “அரசாங்கக் கிளினிக்கில் சளியைக் காட்டுங்கள், சர்க்கரையையும் பாருங்கள்” என்று சொல்லி அனுப்புகிறோம். வேலையாட்களின் அறை ஜன்னலையும் திறந்துவிட்டோம். ஒரு போத்தலின் லாபம் போகட்டும். வாடிக்கைக்காரர் உயிரோடு இருப்பார். நீங்களும் இன்றிரவு கடை அடைக்குமுன் பற்றுப் புத்தகத்தை ஒரு தடவை அந்தக் கண்ணோடு புரட்டிப் பாருங்கள்.