ஜிபிஎஸ் சிக்னல் போனால் போர் விமானம் வழி தவறுமா?

கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் மேப்பைத் திறந்தால் நாம் இருக்கும் இடம் தெரிகிறது. செல்போனில் இதற்கு முக்கியக் காரணம் ஜிபிஎஸ். போர் விமானங்களும் இதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் எதிரி அந்தச் சிக்னலையே தடுத்துவிட்டால் பைலட்டின் கதி என்ன? இதற்கான விடையை இங்கே பார்ப்போம்.

ஜிபிஎஸ்

1995-ல் முழு அளவில் செயல்படத் தொடங்கிய அமெரிக்க அமைப்பு இது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சாட்டிலைட்டுகள் சிக்னல் அனுப்புகின்றன. அது வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு ரிசீவர் தூரத்தைக் கணக்கிடுகிறது. இடத்தைக் கண்டறிய மூன்று சாட்டிலைட்டுகள், ரிசீவரின் கடிகாரப் பிழையை நீக்க ஒன்று என நான்காவது தேவை. எவ்வளவு நேரம் பறந்தாலும் பிழை கூடிக்கொண்டே போகாது. ஆனால் சிக்னல் மிகப் பலவீனமானது. ஜாமர் கருவியால் அதை எளிதில் அமுக்கிவிடலாம்.

ஐஎன்எஸ்

இனெர்ஷியல் நேவிகேஷன் சிஸ்டம் என்பதன் சுருக்கம். இதற்கு வெளிச் சிக்னலே வேண்டாம். ஆக்சிலரோமீட்டர் வேக மாற்றத்தையும், ஜைரோ திரும்பும் அளவையும் சொல்ல, கம்ப்யூட்டர் அவற்றைக் கூட்டிக்கொண்டே வந்து இடத்தைக் கண்டுபிடிக்கும். இதை யாரும் ஜாம் செய்ய முடியாது.

குறை என்ன? சிறு பிழையும் பெருகும். ஆக்சிலரோமீட்டரில் 0.001 மீட்டர்/நொடி² பிழை என்று வைத்துக்கொள்வோம். பிழையை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் பாதி எடுங்கள். 1 நிமிடத்தில் 1.8 மீட்டர் விலகல். 10 நிமிடத்தில் 180 மீட்டர்! நேரம் 10 மடங்கானால் பிழை 100 மடங்கு.

இரண்டையும் இணைப்பது எப்படி?

இந்த வேலையைச் செய்வது ஒரு சாஃப்ட்வேர். ருடால்ஃப் கால்மன் 1960-ல் வெளியிட்ட 'கால்மன் ஃபில்டர்' என்ற கணக்கு முறைதான் அதன் அடிப்படை. எதை எவ்வளவு நம்பலாம் என்று அது எடை போடும்.

உதாரணமாக, ஐஎன்எஸ் 1040 மீட்டர் என்கிறது. அதன் பிழை 50 மீட்டர் இருக்கலாம். ஜிபிஎஸ் 1014 மீட்டர் என்கிறது. பிழை 10 மீட்டர். பிழை 5 மடங்கு குறைவு என்பதால், ஜிபிஎஸ்ஸுக்கு 25 பங்கு எடை, ஐஎன்எஸ்ஸுக்கு 1 பங்கு. விடை 1015 மீட்டர்.

இதோடு முடியவில்லை. இரண்டு விடைகளையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, ஐஎன்எஸ் கருவியின் பிழை எவ்வளவு என்பதையும் ஃபில்டர் கற்றுக்கொள்கிறது. மேலே சொன்ன பிழையில் 90 சதவீதத்தைக் கண்டறிந்து கழித்துவிட்டால், சிக்னல் போன பிறகும் 10 நிமிடத்தில் விலகல் 18 மீட்டர்தான். பைலட்டைக் காப்பாற்றுவது இந்தப் பாடம்தான்.

எஃப்-16 போன்ற விமானங்களில் ஜிபிஎஸ், ஐஎன்எஸ் இரண்டும் ஒரே பெட்டியில் அமைந்த கருவிகள் பொருத்தப்பட்டன.

உங்கள் ஸ்மார்ட்போனிலும் சிறிய ஆக்சிலரோமீட்டரும் ஜைரோவும் இருக்கலாம். போர் விமானக் கருவியின் துல்லியம் அவற்றுக்குக் கிடையாது. ஆனாலும் கார் சுரங்கப் பாதைக்குள் நுழைந்த பிறகும் மேப்பில் அம்புக்குறி நகர்ந்தால், இதே பாணிக் கணக்கு உள்ளே ஓடுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.