உறங்கி எழுந்த லேப்டாப்பில் வைஃபை வரவில்லையா? முழுமையான வழிகாட்டி

மூடி வைத்த லேப்டாப்பைத் திறக்கிறீர்கள். திரை வருகிறது, வைஃபை வரவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. மறுநாளும் அதே கதை. என் அக்கா மகளின் லேப்டாப்புக்கு இப்படி ஆனபோது, கடையில் வைஃபை கார்டையே மாற்றச் சொன்னார்கள். கார்டில் ஒரு குறையும் இல்லை. ஒரு சின்ன டிரைவர் விடுபட்டிருந்தது, அவ்வளவுதான். காசைக் கொடுக்கும் முன் இவற்றைச் செய்து பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

ஏன் இப்படி ஆகிறது?

லேப்டாப் ஸ்லீப்புக்குப் போகும்போது வைஃபை கார்டுக்குப் போகும் மின்சாரம் குறைக்கப்படும், அல்லது நிறுத்தப்படும். திரும்ப எழும்போது கார்டைத் தட்டி எழுப்புவது அதன் டிரைவரின் வேலை.

இதில் இன்னொரு டிரைவரும் உண்டு. பலருக்கு அது இருப்பதே தெரியாது. கீபோர்டில் விமானப் படம் போட்ட பட்டன் இருக்கிறதல்லவா? அது அழுத்தப்பட்டதா இல்லையா என்று விண்டோஸுக்குச் சொல்வது அந்த டிரைவர்தான். அது தவறாகச் சொன்னால், நல்ல கார்டு இருந்தும் விண்டோஸ் ஏர்பிளேன் மோடிலேயே நின்றுவிடும்.

முதலில் பாருங்கள், ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்

அடுத்த முறை வைஃபை போனதும் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியைப் பாருங்கள்.

கார்டின் பெயர் இருக்கிறதா? அதில் ரைட் கிளிக் செய்து டிஸேபிள் கொடுத்து, மீண்டும் எனேபிள் கொடுங்கள். வைஃபை வந்துவிட்டால் கோளாறு கார்டின் டிரைவரில். ஏர்பிளேன் மோடை அணைத்தாலும் அணைய மறுத்தால் பட்டன் டிரைவரில். கார்டின் பெயரே காணவில்லை என்றால் அது மூன்றாவது வகை.

கார்டின் டிரைவர் என்றால்

கார்டின் பெயரை இருமுறை கிளிக் செய்து பவர் மேனேஜ்மென்ட் டேபுக்குப் போங்கள். மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற வரியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். புதிய லேப்டாப்கள் சிலவற்றில் இந்த டேப் இருக்காது; அப்போது லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய வைஃபை டிரைவரைப் போடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால், டிரைவர் டேபில் ரோல் பேக் கொடுங்கள்.

பட்டன் டிரைவர் என்றால்

விண்டோஸைப் புதிதாகப் போட்ட லேப்டாப்பில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வைஃபை டிரைவர் பெரும்பாலும் தானாக வந்துவிடும். இது பல நேரம் வராது. எச்பியில் இதன் பெயர் வயர்லெஸ் பட்டன் டிரைவர்; ஏசஸில் வயர்லெஸ் ரேடியோ கன்ட்ரோல்; டெல்லில் ஏர்பிளேன் மோட் ஸ்விட்ச். உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் தளத்தில் தேடிப் போடுங்கள். வைஃபை இல்லாமல் எப்படி இறக்குவது? செல்போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் போதும்.

பழைய மாடல்கள் சிலவற்றில் பக்கவாட்டில் தள்ளும் ஸ்விட்ச் இருக்கும். அது அணைந்திருந்தால் எந்த டிரைவராலும் பயனில்லை.

கார்டே காணவில்லை என்றால்

ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு ஆன் செய்யுங்கள். ஷட் டவுன் கொடுக்கும்போது ஷிஃப்ட் விசையையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்போது சாதாரண ஷட் டவுன் முழுமையாக அணைப்பதில்லை. விண்டோஸின் ஒரு பகுதியை டிஸ்க்கில் சேமித்து வைத்து, அதையே திரும்ப எடுக்கிறது. ரீஸ்டார்ட்டில் சரியாவது ஷட் டவுனில் சரியாகாததற்கு இதுவே காரணம்.

சரியாகிவிட்டதா என்று சோதியுங்கள்

இரண்டு நிமிட ஸ்லீப்பை நம்பாதீர்கள். ஓர் இரவு முழுக்க மூடி வைத்துக் காலையில் திறந்து பாருங்கள்.

அப்போதும் கார்டு காணாமல் போனால் அதை மாற்ற வேண்டியிருக்கலாம். கழற்றக்கூடிய கார்டா, மதர்போர்டில் பற்றவைத்ததா என்று கேட்டுவிட்டு லேப்டாப்பைக் கடையில் கொடுங்கள். பற்றவைத்ததாக இருந்தால் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றே போதும்.