அவரவர் வீட்டுக்கு எதிரே

வாசிக்க: நெகேமியா 3, சகரியா 8:1-8



எங்கள் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்குப் பின்புறம் ஒரு வெற்றிடம் உண்டு. பல வருடங்களாக அதை நாங்கள் கவனிக்கவில்லை. கருவேல முள், உடைந்த கட்டில்கள், பழைய ஜீப் டயர்கள், நோயாளிகளோடு தங்குவோர் எறிந்த இளநீர்க் கூடுகள் எல்லாம் அங்கே குவிந்து கிடந்தன. அந்தப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தோம்.

ஒரு மழைக்காலத்தில், தொடை எலும்பு முறிந்து எங்களிடம் படுத்திருந்த ஒரு சிறுவனுக்கு மூன்றாவது வாரத்தில் கடும் காய்ச்சல் கண்டது. சோதித்தபோது டெங்கு என்று தெரிந்தது. கொசு கடித்து நான்கு முதல் பத்து நாட்களுக்குள் இக்காய்ச்சல் வெளிப்படும். ஆகவே அவன் அதை வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை; எங்களிடத்திலே பெற்றுக்கொண்டான். பின்புறம் போய்ப் பார்த்தோம். டயருக்குள் தேங்கிய தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன. கர்த்தருடைய கிருபையால் பிள்ளை பிழைத்தான். நாங்களோ வெட்கப்பட்டோம்.

அந்த வாரம் வார்டைச் சந்திக்க வந்த ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் இதைக் கேள்விப்பட்டார்கள். "சிஸ்டர், நாங்க சுத்தம் பண்ணலாமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். நாங்கள் தயங்கினோம். கண்ணாடித் துண்டும் பாம்பும் இருக்குமே! எனவே முதல் இரண்டு சனிக்கிழமைகளில் பெரியவர்களாகிய நாங்களே முள்ளை வெட்டி, கண்ணாடியையும் தகரத்தையும் அகற்றினோம். மருத்துவமனைக் கழிவு எதையும் பிள்ளைகள் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னோம். அதற்குப் பிறகே அவர்கள் கூடைகளோடு வந்தார்கள்.

பரிசோதனைக்கூடத்துத் தம்பி அவர்களுக்கு ஒரு பாடம் சொன்னார். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும். பல மாதம் காய்ந்து கிடந்தும், மழை பட்டால் பொரிக்கும். ஆகையால் கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவவேண்டும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒரு நாள் இதைச் செய்தால் கொசு வளராது. அன்றே பிள்ளைகள் தேங்காய் நார் கொண்டு வார்டின் தண்ணீர்த் தொட்டியைத் தேய்க்கத் தொடங்கினார்கள்.

பிறகு வேம்பும் புங்கனும் நட்டார்கள். ஆனால் பரீட்சைக் காலம் வந்தது, ஒருவரும் வரவில்லை. வெயிலில் பாதிக் கன்றுகள் கருகின. மீண்டும் நட்டபோது முறையை மாற்றினோம். எல்லாருக்கும் எல்லாக் கன்றும் என்றிராமல், ஒரு பிள்ளைக்கு ஒரு கன்று என்று கொடுத்தோம். அந்தப் பிள்ளை வராத நாளில், வார்டில் மகனோடு தங்கியிருக்கும் ஒரு தாய் கை கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றினாள். அவை நின்றன.

நெகேமியாவும் வேலையை இப்படித்தான் பங்கிட்டான். மூன்றாம் அதிகாரத்தில் பலர் அவரவர் வீட்டுக்கு எதிரான பங்கையே கட்டுகிறார்கள். சல்லூம் தன் குமாரத்திகளோடு கட்டினான் (வச. 12). தெக்கோவா ஊரின் பிரபுக்களோ தோள் கொடுக்கவில்லை (வச. 5). பெண்பிள்ளைகளின் வேலையைப் பரிசுத்த ஆவியானவர் எழுதிவைத்தார். பெரியவர்களின் சோம்பலையும் எழுதிவைத்தார். மண்மேடு மிகுதி என்று ஜனங்கள் சோர்ந்த வேளையும் உண்டு (4:10). ஆயினும் 52 நாளில் அலங்கம் முடிந்தது (6:15).

1955-ல் வேலூர் அருகே கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனை தொடங்கியபோது, அந்த நிலமும் மரமற்ற வறண்ட பூமிதான். டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்ச்சியும் உடன் ஊழியரும் வருடக்கணக்காக மரம் நட்டுக் காத்ததால் அது பசுமையாயிற்று. மருந்து கொடுப்பதும் மண்ணைப் பேணுவதும் ஒரே ஊழியம் என்று அதிலிருந்து கற்கிறோம்.

சகரியா 8:4,5-ல் தேவன் காட்டும் எருசலேமில் கோலூன்றிய முதியோர் உட்கார்ந்திருக்கிறார்கள், பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இன்று எங்கள் ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. மறுபரிசோதனைக்கு வந்த அந்தச் சிறுவன், கோலூன்றியபடியே தனக்கும் ஒரு கன்று வேண்டுமென்றான். கொடுத்தோம்.

இதற்காக நாங்கள் காணிக்கை கேட்கவில்லை. உங்கள் ஆலயத்துக்குப் பின்புறத்தை ஒருமுறை பாருங்கள் என்றே கேட்கிறோம்.

சிந்திக்க
1. நம் சபை வளாகத்தில் நாம் ஜன்னலைச் சாத்தி மறைத்திருக்கும் இடம் எது?
2. பிள்ளைகள் பாதுகாப்பாக வேலை செய்ய, பெரியவர்கள் முதலில் செய்யவேண்டியது என்ன?
3. தொடங்கிய வேலை பரீட்சைக் காலத்திலும் நிற்காதிருக்க யார் பொறுப்பு?

ஜெபக்குறிப்பு: மழைக்காலத்தில் காய்ச்சலோடு வரும் குழந்தைகளுக்காகவும், இரவில் விழித்திருக்கும் செவிலியருக்காகவும் ஜெபியுங்கள்.