வகுப்பறைக்கு வெளியேயும் கல்விப் பணி

சென்ற பருவத்தில் ஒரு நாள், கடைசிப் பாடவேளை முடியச் சிறிது நேரம் இருக்கையில், எங்கள் வகுப்பாசிரியை சிஸ்டர் அவர்கள், "படிப்பு முடிந்ததும் என்ன ஆகப் போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட கைகள் "டீச்சர்" என்று உயர்ந்தன. "ஏன் டீச்சர்?" என்று அடுத்த கேள்வி வந்தபோதுதான் எங்களுக்குத் திகைப்பு. "அப்பா சொன்னார்" என்றாள் ஒருத்தி. "பொழுதோடு வீடு திரும்பலாம், லீவு நிறைய உண்டு" என்றாள் மற்றொருத்தி. "கற்றுக்கொடுக்கப் பிடிக்கும்" என்றவர்கள் மிகச் சிலரே.

கையே தூக்காத தோழி ஒருத்தியும் இருந்தாள். எங்கள் வகுப்பின் புத்தக அலமாரியை மூன்றாண்டுகளாகப் பார்த்து வருபவள் அவள்தான். யாருக்கு எந்தக் கதை பிடிக்கும், எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் கிழிந்துள்ளது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் நாற்பது பேர் முன் எழுந்து நின்றால் நா உலர்ந்துவிடும். "எனக்குப் பள்ளிக்கூடமும் பிடிக்கும், புத்தகமும் பிடிக்கும் சிஸ்டர், ஆனால் பாடம் நடத்த வராது" என்றாள். "பள்ளிக்கூடம் என்றால் பாடம் நடத்துகிறவர்கள் மட்டுமா? விசாரித்து எழுதிக் கொண்டு வாருங்கள்" என்று சிஸ்டர் சொன்னதன் பயனே இக்கட்டுரை.

விசாரணையை எங்கள் மண்ணிலிருந்தே தொடங்கினோம். பாகூரில் கிடைத்த பல்லவர் காலச் செப்பேடுகளைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாகக் கேட்டிருக்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில், வாகூர் என்று அன்று வழங்கிய இவ்வூரின் கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களின் வருவாய் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியை அவை வடமொழியிலும் தமிழிலும் கூறுகின்றன. ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கு ஒரு கல்லூரி! இதில் எங்களைக் கவர்ந்தது வேறொன்று. ஆசிரியர்கள் பாடம் நடத்த வேண்டுமானால் ஊர் எல்லையை வகுக்க ஒருவர் வேண்டும். வருவாயைக் கணக்கிட ஒருவர் வேண்டும். கொடையைப் பாட்டாக்க ஒரு புலவர் வேண்டும். செம்பில் பொறிக்கக் காஞ்சிபுரத்துத் தட்டார் ஒருவர் வேண்டும். இவர்களில் யாரும் அங்கே பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். ஆயினும் இவர்கள் இன்றேல் அச்சாலையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரிந்திராது. பிற்காலத்தில், பிரெஞ்சுக்காரர் ஆட்சியின்போது 1930இல் புதுவைப் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கிற்று. பசியாற்றிப் பிள்ளைகளைப் பள்ளியில் இருத்திய அந்தச் சமையற் கைகளையும் இந்த வரிசையில் வைக்கத்தான் வேண்டும்.

இனி, எங்கள் தோழிக்காகவே தேடிக் கண்ட ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அவரை நியமித்தார்கள். அங்கே போன சில நாட்களிலேயே, மாணவர்கள் இல்லாத அந்தத் தனிமை பொறுக்காமல், பழைய வேலைக்கே திரும்பிவிட வேண்டும் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றாராம்! பயிற்சிக்காக இலண்டன் சென்ற பிறகே அவர் மனம் மாறிற்று. அங்குள்ள நூலகங்களில் சிறுவரும் தொழிலாளரும் பெண்களும் வந்து படிப்பதைக் கண்டார். திரும்பி வந்தவர் தம் வாழ்நாள் முழுவதையும் நூலகத்துக்கே அளித்தார். 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' என்ற அவருடைய நூல் 1931இல் வெளிவந்தது. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகங்கள் போயின. அவர் பிறந்த ஆகஸ்ட் 12ஆம் நாளை இன்று நூலகர் நாளாகக் கொண்டாடுகிறோம். வகுப்பறையை விட்டு வெளியேறியதால் அவர் ஆசிரியர் அல்லாதவர் ஆகிவிட்டாரா? முன்னே இருந்த சில நூறு மாணவருக்குப் பதில் பல்லாயிரம் மாணவர் கிடைத்தனர் என்பதே எங்கள் எண்ணம்.

இத்தொழிலுக்குப் படிப்பு எளிதாகவே கிடைக்கிறது. ஏதேனும் ஒரு பட்டம் பெற்றபின் ஓராண்டு நூலக அறிவியல் இளநிலை, பிறகு முதுநிலை. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித் துறையே உண்டு.

இதே போல் வகுப்பறையிலிருந்து வெளியே வந்த மற்றொருவர் பெரியசாமித் தூரன். கோவையில் ஆசிரியராக இருந்தவர், பின்னர்த் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியரானார். பத்துத் தொகுதிகள்! அதன்பின் குழந்தைகள் கலைக்களஞ்சியம் இன்னொரு பத்து. பாடநூல் எழுதுவோர், படம் வரைவோர், பிழை திருத்துவோர் எல்லோரும் இவர் வழி வந்தவர்களே. புதுவை அரசுப் பள்ளிகள் அண்மையில் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிய நாளிலிருந்து, அப்பாடங்களைத் தமிழில் எளிதாக விளக்கும் துணைநூல் கிடைக்காதா என்று எங்கள் தம்பி தங்கையர் தவிக்கின்றனர். நல்ல தமிழும் அறிவியலும் ஒருங்கே தெரிந்த பெண்ணுக்கு இதில் வேலை நிறைய இருக்கிறது.

அடுத்துச் சிறப்புக் கல்வி. எழுத்துகள் தலைகீழாகத் தெரியும் குழந்தையை 'மக்கு' என்றும், காது கேளாத குழந்தையை 'அடம்' என்றும் சொல்லி வீட்டிலேயே வைத்துவிடும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் முற்றிலும் போகவில்லை. அத்தகைய குழந்தையுடன் தனியே அமர்ந்து, அதற்கு எந்த வழியில் பாடம் ஏறும் என்று கண்டறிபவரே சிறப்புக் கல்வியாளர். பத்துப் பேருக்கு ஒருவர் தொடக்கப் பள்ளியிலும், பதினைந்து பேருக்கு ஒருவர் மேல் வகுப்புகளிலும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அவ்வளவு பேர் எங்கே இருக்கிறார்கள்? பிளஸ் டூவுக்குப் பின் பட்டயமும், பட்டத்துக்குப் பின் சிறப்பு பி.எட். படிப்பும் உள்ளன. எதில் சேர்ந்தாலும் அது இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் அங்கீகாரம் பெற்றதுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையேல் பணமும் காலமும் வீண். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை செல்லும் வழியில், முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய தேசிய நிறுவனம் ஒன்று இப்பயிற்சிகளை அளிக்கிறது. பேச்சுப் பயிற்சியாளர் ஆவதற்கான படிப்பும் அங்கே உண்டு. அதற்குப் பிளஸ் டூவில் அறிவியல் எடுத்திருத்தல் அவசியம்.

ஆலோசகரைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். எங்களுள் ஒருத்தி, "நான் பள்ளியில் கவுன்சிலர் ஆகப் போகிறேன்" என்று வீட்டில் சொல்ல, "கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் போகிறாயா?" என்று பாட்டி கேட்டாராம்! மாணவியர் மனக்குறைகளைக் கேட்டு வழிகாட்டுபவர் என்று விளக்கியதும், "அதற்குத்தான் நான் இருக்கிறேனே" என்றாராம். பாட்டி சொன்னதிலும் உண்மை உண்டு. ஆனால் பாட்டியிடமும் சொல்ல முடியாதவை சில இருக்கின்றன அல்லவா? உளவியல் படிப்பு இதற்குக் கைகொடுக்கும்.

பெரியவர்களுக்குக் கற்பிக்கும் பணியும் நமக்குப் புதிதன்று. 1989 முதல் 1991 வரை புதுவையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, இரவு விளக்கடியில் எழுத்துச் சொல்லிக் கொடுத்த தொண்டர்களில் இளம்பெண்கள் பலர். பாட்டும் நாடகமுமாகக் கலைப்பயணங்கள் ஊர் ஊராகச் சென்றன. எங்கள் பாட்டிமாருள் சிலர் கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போடப் பழகியது அப்போதுதான். 1975இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பால்வாடிகளும் பெண்களாலேயே நடக்கின்றன. ஆயினும் ஒன்றை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. பால்வாடிப் பணியாளருக்குத் தரப்படுவது சம்பளம் அன்று, மதிப்பூதியம்தான். பணியின் பெருமையைப் புகழ்வோர் அதன் கூலியையும் கேட்க வேண்டும்.

பெற்றோர்கள் இதைப் படித்து, "இருக்கிற டீச்சர் வேலையை விட்டு எதற்கு இதெல்லாம்?" என்று கேட்பீர்கள். நியாயமே. ஆனால் பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டாண்டு ஆகிவிட்டது. அதன்பின் தகுதித் தேர்வு, அதன்பின் காத்திருப்பு. எங்களுள் ஒருத்தியின் அக்காள் இவையெல்லாம் முடித்துத் தனியார் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். பதிவேட்டில் கையெழுத்திடும் தொகை வேறு, கைக்கு வரும் தொகை வேறு. கற்பிப்பதில் உயிரையே வைத்திருப்பதால் அவர் தாங்கிக்கொள்கிறார். "அப்பா சொன்னார்" என்பதற்காகப் போனவர்கள் எப்படித் தாங்குவார்கள்?

எங்கள் தோழி இக்கட்டுரையின் முதற் படியை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தந்தையாரிடம் காட்டினாள். வில்லியனூர்ச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் அவசரத்திலும் அவர் உட்கார்ந்து முழுதும் படித்தாராம். "நூலகர் வேலைக்கு எத்தனை வருஷம் படிக்கணும்?" என்று கேட்டார். பட்டத்துக்கு மூன்று, மேலே ஒன்றோ இரண்டோ என்றாள். "பஸ் காலாப்பட்டு வரைக்கும் நேராகப் போகுமா, மாறிப் போகணுமா?" என்று அடுத்துக் கேட்டார். அதை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.