முதியோர்க்கு ஏற்ற குளிர்கால ஆடை

"சென்னைக்குக் குளிர் ஏது?" என்று கேட்போர் பலர். வெயிலுக்கே பெயர் பெற்ற நகரில் கம்பளியைப் பற்றிப் பாடம் எழுதுவது அவர்களுக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் மார்கழி மாதத்து விடியற்காலையில் அசோக் நகர் வீதிகளில் நடந்து பார்த்தால் உண்மை விளங்கும். வாசலில் கோலமிடும் பாட்டியார் புடவைத் தலைப்பைக் காது மறையப் போர்த்தியிருப்பார். கோவிலுக்குச் செல்லும் பெரியவர் தலையில் மப்ளர் சுற்றியிருப்பார். அதே வீதியில் பேரன் அரைக்கைச் சட்டையோடு ஓடுவான். டிசம்பர், ஜனவரி மாதங்களில் சென்னையின் இரவு வெப்பநிலை சராசரியாக 20, 21 டிகிரி வரைதான் இறங்குகிறது. அது இருவருக்கும் ஒன்றே. ஒருவர் நடுங்க, மற்றவர் ஓடுவது ஏன்?

முதுமையில் உடலின் நிலை

வயது ஏற ஏறத் தசை குறைகிறது. உடலுக்குச் சூடு தரும் அடுப்பு தசையே. தோலின் கீழுள்ள கொழுப்பும் மெலிகிறது. குளிர் பட்டவுடன் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி உட்சூட்டைக் காக்க வேண்டும். அந்தச் சக்தியும் தளர்கிறது. சிலருக்குக் குளிர்வது தெரிவதே தாமதம். ஆகையால், "எனக்கொன்றும் குளிரவில்லை" என்று பெரியவர் சொன்னாலும், அவர் கையையும் வயிற்றையும் தொட்டுப் பார்ப்பது நலம். உடலின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உயிருக்கே ஆபத்தாகும். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சூட்டைக் காப்பது எது?

துணி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கு இடையே அடைபட்டு அசையாது நிற்கும் காற்றே உடற்சூடு வெளியேறாமல் தடுக்கிறது. எனவே கனத்த உடுப்பு ஒன்றைவிட, மெல்லிய உடுப்புகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது நல்லது. வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றிவிடலாம். பிளானல் துணியில் நூலை வருடி மயிர் எழுப்புவதும் காற்றைச் சிறைப்படுத்தவே என்பதை நெசவாளர் அறிவர்.

பருத்தியும் கம்பளியும்

பருத்தி மென்மையானது, முதியோரின் மெலிந்த தோலை உறுத்தாது. ஆனால் ஈரம் பட்டால் இழைகளிடையே உள்ள காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. அசையாத காற்றைவிட நீர் 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். கம்பளியோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் நனைந்ததுபோல் தோன்றாது.

நம் நாட்டு ஆடுகள் எல்லாம் நல்ல கம்பளி தருவன அல்ல. மேச்சேரி ஆடு இறைச்சிக்கானது. திருச்சி கருப்பு ஆடும் கோயமுத்தூர் ஆடும் முரட்டுக் கம்பளியே தருகின்றன. மெல்லிய கம்பளிக்குப் பெயர் பெற்றது நீலகிரி ஆடு; அது சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் பேணி வளர்க்கப்படுகிறது. முரட்டுக் கம்பளி தோலை உறுத்துமாதலால், உள்ளே பருத்தி, மேலே கம்பளி என்பதே நமது முடிவு. இரவிலும் சென்னிமலைப் போர்வை போன்ற நூல் போர்வையை உள்ளே வைத்து, அதன்மேல் கம்பளியைப் போர்த்தலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. மூட்டு வலி உள்ளவர்க்குத் தலை வழியாக மாட்டும் ஸ்வெட்டர் துன்பம் தரும். முன்புறம் திறப்பதாகவும், பெரிய பொத்தான் உள்ளதாகவும் வாங்குக.

2. காலுறையின் விளிம்பு காலை இறுக்கலாகாது. மொசைக் தரையில் வெறும் காலுறை வழுக்கும்; அடியில் பிடிப்பு உள்ளதைத் தேர்க.

3. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்க்கு வெந்நீர்ப் பை வேண்டாம். சுட்டாலும் அவருக்குத் தெரியாது; காலுறையே போதும்.

4. பிளானல் துணி எளிதில் தீப்பற்றும். விளக்கருகிலும் அடுப்பருகிலும் தொங்கும் தலைப்புடன் நிற்கலாகாது.

5. கம்பளியைக் குளிர்ந்த நீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் பரப்பி உலர்த்துக.

நம் கடமை

பருத்தித் துணி நெய்து பிழைப்போர் நம்மில் பலர். அசோக் நகரின் மார்கழிக்குப் பருத்தியில் இரண்டு அடுக்கும் ஒரு மப்ளரும் பெரும்பாலோர்க்குப் போதும் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் ஜனவரியில் காசி யாத்திரை போகும் பெரியவரிடம் அதையே சொல்லலாமா? அங்கே அம்மாதத்து இரவுகள் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். உதகையில் உறைபனியும் விழும். அவருக்குக் கம்பளி வேண்டும் என்று சொன்னால் நமக்கு ஒரு போர்வை விற்பனை குறையலாம். சொல்லாவிட்டால் ஒரு முதியவரின் உடல்நலம் கெடலாம். கூட்டுறவுக்கு மூலதனம் நம்பிக்கை. அதை ஒரு போர்வையின் விலைக்கு விற்றுவிடலாகாது.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்க

1. நமது தறியில் நெய்யும் துணிகளில் முதியோரின் உள் அடுக்குக்கு ஏற்றவை எவை?

2. முன்புறம் திறக்கும் உடுப்பாகத் தைத்து விற்க நம் சங்கத்தால் இயலுமா?

3. நம் வீட்டு முதியவர் சென்ற மார்கழியில் என்ன போர்த்தியிருந்தார்? அது போதுமாயிருந்ததா என்று அவரைக் கேட்டோமா?